வாசகர் கேள்வி பதில்: ஸ்பானியர் வருமுன் பிலிப்பைன்ஸ் எழுதியதும் பாடியதும்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, பிலிப்பைன்ஸ் நாட்டில் கி.பி. 900ஆம் ஆண்டுச் செப்பேடு ஒன்று கிடைத்திருக்கிறது என்று ஒரே ஒரு வரி போகிற போக்கில் எழுதினேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் மேசை நிறைய. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் மற்ற கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, முழுப் பகுதியையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: ஸ்பானியர்கள் வந்த பிறகுதான் பிலிப்பைன்ஸ் மக்களுக்கு எழுத்தே கிடைத்தது என்று படித்திருக்கிறேன். நீங்கள் 900ஆம் ஆண்டு என்கிறீர்கள். எது சரி?

செப்பேடு சொல்வதுதான் சரி. மணிலாவுக்குத் தென்கிழக்கே லகுனா என்றொரு மாகாணம், அங்கே கடல் போல ஒரு பெரிய ஏரி. அந்த ஏரியில் போய்ச் சேரும் லும்பாங் ஆற்றின் முகத்துவாரத்தில் 1980களின் கடைசியில் மணல் அள்ளிக்கொண்டிருந்தபோது கறுத்துப்போன ஒரு தகடு அகப்பட்டது. பழம்பொருள் வியாபாரிகள் கைக்குப் போய், அங்கிருந்து 1990இல் தேசிய அருங்காட்சியகம் அதை வாங்கியது. ஏறக்குறைய 20 செ.மீ.க்கு 30 செ.மீ., அதாவது ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்த அளவுகூட இல்லை. அதில் பத்தே வரிகள். அதைப் படித்துச் சொன்னவர் ஆன்டூன் போஸ்ட்மா என்ற டச்சுக்காரர். மிண்டோரோ தீவில் மங்யான் மக்களோடு பல காலம் வாழ்ந்து அவர்கள் எழுத்தையும் பாட்டையும் சேகரித்தவர். அவரைப் பற்றிக் கடைசியில் மறுபடி வரும்.

தகட்டின் முதல் வரி எப்படித் தொடங்குகிறது தெரியுமா? 'ஸ்வஸ்தி' என்று ஆரம்பித்து, சக ஆண்டு 822, வைசாக மாதம், கிருஷ்ணபட்சத்துச் சதுர்த்தி, சோமவாரம் என்று போகிறது. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த நம் பாட்டி யாராவது இருந்தால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே நாளைச் சொல்லிவிடுவார்: தேய்பிறை நாலாம் நாள், திங்கட்கிழமை. கணக்குப் போட்டால் கி.பி. 900, ஏப்ரல் 21. இங்கே முதலாம் ஆதித்த சோழன் ஆண்டுகொண்டிருந்த காலம்.

விஷயம் என்னவென்றால், கடன். நம்வாரன் என்ற ஒரு பெரிய மனிதர் 1 கட்டி 8 சுவர்ணம் பொன் கடன்பட்டிருந்தார், இன்றைய கணக்கில் 900 கிராமைத் தாண்டும் என்கிறார்கள். அந்தக் கடன் முழுக்கத் தீர்ந்தது என்று அவருடைய மகள் அங்காதானுக்கும், புக்கா என்ற உறவினருக்கும் துண்டுன் தலைவர் பெயரில் எழுதிக்கொடுத்த சீட்டு இது. துண்டுன் என்பது இன்றைய மணிலாவுக்குள் இருக்கும் டோண்டோ. இனி வருங்காலத்தில் யாராவது வந்து இந்தக் கடன் தீரவில்லை என்று சொன்னால், என்று கடைசி வரி ஆரம்பிக்கிறது, ஆரம்பித்த வாக்கியம் முடியாமல் அங்கேயே நின்றுபோகிறது. அடுத்த தகடு ஒன்று இருந்திருக்க வேண்டும். அப்பா பட்ட கடன் தன் தலையில் விடியக் கூடாது என்று ஒரு பெண் இந்தத் தகட்டைப் பத்திரப்படுத்தியிருப்பாள் என்று நினைக்கும்போது எனக்கு ஆயிரத்து நூறு வருஷம் சட்டென்று சுருங்கிவிடுகிறது.

கேள்வி: அந்தச் செப்பேட்டு எழுத்து பல்லவர் எழுத்தா? அப்படியானால் தமிழர்கள் அங்கே ஆண்டார்கள் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. எழுத்தின் பெயர் காவி, ஜாவாவில் புழங்கியது. அதன் மூலம் பல்லவர் காலத்துத் தென்னிந்திய எழுத்து என்பது உண்மைதான். ஆனால் அது கடல் கடந்து, ஜாவாக்காரர்கள் கையில் பல தலைமுறை உருமாறி, அப்புறம்தான் லகுனா ஏரிக்கரைக்குப் போயிருக்கிறது. தகட்டின் மொழி பெரும்பாலும் பழைய மலாய். நடுநடுவே சமஸ்கிருதச் சொற்கள், பழைய ஜாவானியம், மணிலாப் பக்கத்து மொழியான தகலோக்கின் பழைய வடிவம். வியாபாரத்தோடு போன எழுத்து இது. அங்கே எந்தத் தமிழ் அரசனும் ஆண்டதற்குச் சான்று இல்லை, இல்லாததைச் சேர்த்துச் சொல்வதால் நமக்கு எந்தப் பெருமையும் கூடிவிடாது.

உண்மையாகவே போய்ச் சேர்ந்த சில சொற்கள் இருக்கின்றன, அவை போதும். தகலோக் மொழியில் மாம்பழத்துக்கு 'மங்கா', நம் மாங்காய் மலாய் வழியாகப் போனது. 'பாகாய்' என்றால் பொருள், சாமான். அது நம் 'வகை', அதுவும் மலாய் வழிதான். சமஸ்கிருதத்திலிருந்து போனவை இன்னும் அதிகம். முகத்துக்கு 'முக்கா', ஆசிரியருக்கு 'குரோ', தேவதைக்கு 'திவாதா'. பழைய தகலோகர்களின் பெருந்தெய்வம் 'பத்தாலா', அந்தப் பெயரும் 'பட்டார' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. சொல் போயிருக்கிறது, தெய்வம் அவர்களுடையது. பத்தாலாவைப் பற்றி அவர்கள் சொன்ன கதைகளை நம் புராணங்களில் தேடினால் கிடைக்காது.

கேள்வி: பிலிப்பைன்ஸ் எழுத்துக்கு 'அலிபாதா' என்று பெயர் சொல்கிறார்கள். வேறு இடத்தில் 'பாய்பாயின்' என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா? அதை எப்படி எழுதுவார்கள்?

ஒன்றுதான், ஆனால் அலிபாதா என்ற பெயரை விட்டுவிடுங்கள். 1914இல் பால் வெர்சோசா என்பவர், அரபு எழுத்துகளான அலிஃப், பா, தா மூன்றையும் சேர்த்து அவராகவே செய்த பெயர் அது. அந்த எழுத்துக்கும் அரபுக்கும் சம்பந்தமே இல்லை. பழைய பெயர் பாய்பாயின். எழுத்துக்கூட்டுவது என்ற பொருளில் வந்தது. அது பிராமி குடும்பம் என்பதில் சந்தேகமில்லை. இந்தோனேசியாவின் சுலவேசி தீவு வழியா, வியட்நாம் பக்கத்துப் பழைய சம்பா நாட்டு வழியா, குஜராத்திலிருந்தா என்று வந்த பாதை பற்றித்தான் அறிஞர்கள் வாதிடுகிறார்கள்.

மொத்தம் 17 எழுத்து. உயிர் மூன்று: அ, இ, உ. எகரத்துக்கும் இகரத்துக்கும் ஒரே எழுத்து, ஒகரத்துக்கும் உகரத்துக்கும் ஒரே எழுத்து. மெய் பதினான்கு, ஒவ்வொன்றிலும் அகரம் கூடவே இருக்கும், நம் க, ச, த மாதிரி. எழுத்தின் மேலே ஒரு சின்னக் கீறல் போட்டால் 'கி' அல்லது 'கெ', கீழே போட்டால் 'கு' அல்லது 'கொ'. அந்தக் கீறலுக்குக் 'குட்லித்' என்று பெயர். இவ்வளவுதான் பாடம், ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம்.

கஷ்டம் படிப்பதில். நம் எழுத்தில் மெய்க்குப் புள்ளி உண்டு, தொல்காப்பியமே சொல்கிறது. பாய்பாயினில் புள்ளி கிடையாது, அது மட்டுமில்லாமல் அசையின் கடைசியில் வரும் மெய்யை எழுதவே மாட்டார்கள், விட்டுவிடுவார்கள். தமிழை அந்த முறையில் எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். 'அம்மா' என்பது 'அ ம'. 'கண்ணன்' என்பது 'க ண'. 'அவன் வந்தான்' என்பது 'அ வ வ த'. இப்போது தகலோகுக்கு வருவோம். 'ப', 'த' என்று இரண்டு எழுத்து இருக்கிறது. அது குழந்தை என்ற பொருளில் 'பாதா'வாக இருக்கலாம், சட்டம் என்ற 'பதாஸ்' ஆகலாம், காவல்காரன் என்ற 'பந்தாய்' ஆகலாம். எது என்று முன்னும் பின்னும் பார்த்து வாசிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதைக் குறை என்று ஸ்பானியப் பாதிரிமார் நினைத்தார்கள். 1620 வாக்கில் பிரான்சிஸ்கோ லோபெஸ் என்ற பாதிரியார் நாட்டின் வடக்கே பேசும் இலோகானோ மொழியில் ஒரு சமய நூல் அச்சிடும்போது எழுத்துக்குக் கீழே சின்னச் சிலுவை போட்டார், அதாவது நம் புள்ளி செய்யும் வேலைக்கு. அந்த ஊர் ஆட்கள் அதை ரொம்பவும் பாராட்டினார்கள், நன்றி சொன்னார்கள், ஆனால் எங்கள் எழுத்தின் இயல்புக்கு இது ஒத்துவராது என்று மறுத்துவிட்டார்கள் என்று 1776இல் இன்னொரு பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். எனக்கு இந்த மறுப்பு நன்றாகப் புரிகிறது. நம் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலானவை புள்ளி இல்லாமல்தான் எழுதப்பட்டன, படிக்கத் தெரிந்தவர்கள் தடுமாறாமல் படித்தார்கள். சொல்லை ஏற்கெனவே காதால் கேட்டுப் பழகியவனுக்கு எழுத்து ஒரு நினைவூட்டல், அவ்வளவு போதும். முன்பின் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால்தான் ஒவ்வொரு ஒலியும் எழுத்தில் இருக்க வேண்டும். பாதிரிமார் வெளியிலிருந்து வந்து படித்தவர்கள், அதனால் அவர்களுக்குத் திணறியது.

கேள்வி: ஸ்பானியப் பாதிரிமார் பழைய நூல்களை எல்லாம் கொளுத்திவிட்டதால்தான் பிலிப்பைன்ஸின் பண்டைய இலக்கியம் நமக்குக் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

அப்படி மொத்தப் பழியையும் நெருப்பின் மேல் போட்டுவிட்டால் ஒரு முக்கியமான விஷயம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தங்களுக்கு ஒவ்வாத வழிபாடுகளை அவர்கள் அடக்கினார்கள், அனிட்டோ எனும் முன்னோர் உருவங்களை அழித்தார்கள், சாமியாடிப் பெண்களான பபாய்லான்களைத் துரத்தினார்கள். அதில் அழிந்தது ஏராளம், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எழுத்தை அவர்கள் அழிக்கப் பார்க்கவில்லை, பயன்படுத்தினார்கள். 1593இல் மணிலாவில் அச்சான 'தொக்ட்ரினா கிறிஸ்தியானா' என்ற ஞானோபதேச நூலில் ஸ்பானிய மொழியும் தகலோகும் இருக்கின்றன, தகலோகை ரோமன் எழுத்திலும் பாய்பாயினிலும் அச்சடித்திருக்கிறார்கள். மக்களுக்குப் படிக்கத் தெரியும் என்பதால்தானே அப்படிச் செய்தார்கள்! 1604இல் பேத்ரோ சிரினோ என்ற பாதிரியார், இந்தத் தீவில் எழுதப் படிக்கத் தெரியாத ஆணைப் பார்ப்பதே அரிது, பெண்ணைப் பார்ப்பது அதைவிட அரிது என்று ஆச்சரியப்பட்டிருக்கிறார்.

அந்த மக்கள் எழுதியது எல்லாம் மூங்கிலிலும் இலையிலும். கத்தி நுனியால் கீறி, சாம்பலைத் தேய்த்தால் எழுத்து தெரியும். நாமும் ஓலையில் கீறிவிட்டுக் கரி தடவினோமே, அதே வேலைதான். எழுதியதும் கடிதம், சேதி, கணக்கு, காதல் கவிதை. காவியத்தை அவர்கள் எழுதி வைக்கவில்லை. அது வாயில் இருந்தது, பாடுகிறவர் பாட, கேட்கிறவர் கற்றுக்கொண்டார். அதனால் பழைய நூலகம் ஒன்று இருந்து எரிந்துபோனது என்று நினைத்துக்கொண்டு தேடினால் ஏமாற்றம்தான். தேட வேண்டிய இடம் வேறு, அது இன்னும் உயிரோடு இருக்கிறது, அடுத்த பதிலில் சொல்கிறேன்.

எழுத்து மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. ரோமன் எழுத்து தெரிந்தால் அரசாங்கத்திடம் மனுக் கொடுக்கலாம், பத்திரம் எழுதலாம் என்று ஆனபோது ஆட்கள் மாறினார்கள். 1745இல் பாய்பாயின் படிக்கத் தெரிந்தவர் அபூர்வம், எழுதத் தெரிந்தவர் அதைவிட அபூர்வம் என்கிறது ஒரு இலக்கண நூல். மணிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் 1613, 1625 ஆண்டுகளின் நிலவிற்பனைப் பத்திரங்கள் இரண்டு பாய்பாயினில் இருக்கின்றன. 2014இல் தேசியப் பண்பாட்டுப் புதையலாக அறிவித்தார்கள். நிலம் விற்ற பெண்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. மறுபடி பாருங்கள், பெண்கள், பத்திரம்.

கேள்வி: எழுதப்படாத பாட்டைக் காவியம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

லூசோன் தீவின் வடக்கு மலையில் இஃபுகாவ் மக்கள். மலைச்சரிவையே படிப்படியாக வெட்டி நெல் விளைவிப்பவர்கள். அவர்களுடைய 'ஹுட்ஹுட்' பாட்டுகள் 200க்கும் மேல் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 40 பகுதிகள் வரை, ஒன்றை முழுக்கப் பாட மூன்று நான்கு நாள்கூட ஆகும். விதைக்கும்போது பாடுவார்கள், அறுக்கும்போது பாடுவார்கள், இறந்தவருக்குக் கண்விழிக்கும் இரவில் பாடுவார்கள். பாடுவது பெரும்பாலும் வயதான பெண்கள். தலைவியாக ஒருத்தி கதையை ஒரு அடி எடுத்து விடுவாள், மற்றவர்கள் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் வரும் இடத்தில் சேர்ந்து பிடித்துக்கொண்டு அடியை முடிப்பார்கள். நம்மூரில் நாற்று நடும்போது ஒருத்தி பாட, வரிசையே குனிந்தபடி திருப்பிப் பாடியதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அதில் ஒரு கதை அலிகுயோனுடையது. தந்தையின் பகையைத் தீர்க்கப் பக்கத்து ஊர் பும்பாக்காயோனோடு மோதுகிறான். ஒன்றரை வருஷம் அந்த ஊரில் சண்டை, ஒன்றரை வருஷம் இந்த ஊரில் சண்டை, யாரும் ஜெயிக்கவில்லை. ஒருவர் வீரத்தை ஒருவர் மெச்சிக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிடுகிறார்கள். கடைசியில் அலிகுயோன் அவன் தங்கை புகானைக் கட்டிக்கொள்கிறான், பும்பாக்காயோன் இவன் தங்கை அகினாயாவைக் கட்டிக்கொள்கிறான். பெண் கொடுத்துப் பெண் எடுத்துப் பகை முடிகிறது. ஒரு தலைகூட உருளாமல் முடியும் வீரகாவியம் உலகத்தில் எத்தனை இருக்கும்?

தெற்கே மிண்டனாவோவில், லனாவோ ஏரிக்கரை மரனாவோ மக்களின் 'தராங்கென்' இன்னும் பெரிது: 17 பகுதிகள், 72,000 அடிகள். சொல்லுக்குப் பொருளே பாட்டாகக் கதை சொல்வது என்பதுதான். இஸ்லாம் அங்கே வருவதற்கு முன்பிருந்தே பாடப்பட்டது, வந்த பிறகும் பாடப்பட்டது. யுனெஸ்கோ ஹுட்ஹுட்டை 2001இலும் தராங்கெனை 2005இலும் மனிதகுலத்தின் வாய்மொழிச் செல்வமாக அறிவித்தது. இவ்வளவையும் ஒரு பாட்டி மனப்பாடமாக வைத்திருக்கும்போது அதைக் காவியம் என்று சொல்லத் தாளும் அட்டையும் எதற்கு?

கேள்வி: பிலிப்பைன்ஸிலும் ராமாயணம் உண்டாமே?

உண்டு, அதே மரனாவோ மக்களிடம். 'மகாராடியா லவானா' என்ற அந்தக் கதையைக் கண்டெடுத்து 1960களில் உலகத்துக்குச் சொன்னவர் ஹுவான் ஃபிரான்சிஸ்கோ என்ற அறிஞர். தலைப்பைப் பார்த்தாலே தெரிகிறது, லவானா என்பது ராவணன். பத்துத் தலை அங்கே போய்ச் சேர்வதற்குள் குறைந்துவிட்டது. ராமனுக்கு மங்கந்திரி, தம்பிக்கு மங்கவர்ணா, சீதைக்கு மலானோ திஹாயியா என்று பெயர். குரங்குக்கு என்ன பெயர் தெரியுமா? லக்‌ஷ்மணா! பெயர்கள் கடல் தாண்டும்போது இப்படி இடம் மாறி உட்கார்ந்துகொள்கின்றன.

வில்லை ஒடிப்பது அங்கே கிடையாது. பிரம்பால் பின்னிய பந்தைக் காலால் உதைக்கும் 'சிபா' விளையாட்டில், இளவரசி இருக்கும் மாடத்துக்குப் பந்தைச் சேர்ப்பவனுக்குத்தான் பெண். மங்கந்திரி உதைத்த பந்து சரியாகப் போய்ச் சேர்கிறது. பொன்மான் இருக்கிறது, கொம்புதான் பொன். வரம் கொடுக்கும் இடத்தில் பிரம்மாவும் சிவனும் இல்லை, லவானா உலகத்தையே எரித்துவிடுவான் போலிருக்கும்போது வானவர் ஜிப்ரீல் ஓடிப்போய் இறைவனிடம் முறையிடுகிறார். கம்பன் வீட்டுக் கதை என்று நாம் நினைப்பது ஓர் ஏரிக்கரை முஸ்லிம் குடும்பத்தில் பந்தாட்டத்தோடும் வானவரோடும் சொல்லப்பட்டுவந்தது எனக்கு மிகப் பெரிய சந்தோஷம். அது நம்முடையதின் நகல் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கேட்ட கதையைத் தன் ஊர்க் கதையாக மாற்றத் தெரிந்தவர்களின் வேலை அது.

கேள்வி: என் பேரனுக்கு ராத்திரியில் சொல்ல ஒரு கதை வேண்டும், பெரிய விளக்கம் எல்லாம் வேண்டாம்.

சரி, லாம்-ஆங் கதையைச் சொல்லுங்கள், வடக்கு லூசோன் இலோகானோ மக்களுடையது. பிறந்த உடனே பேசிய பிள்ளை. எனக்கு லாம்-ஆங் என்று பெயர் வையுங்கள் என்று அவனே சொல்லிவிடுகிறான், அப்பா எங்கே என்றும் கேட்கிறான். அப்பா மலைக்குப் போய்ச் சண்டையில் செத்துப்போனார் என்று தெரிந்ததும் போய்ப் பழிவாங்கித் திரும்பி வந்து அம்புராயன் ஆற்றில் குளிக்கிறான், உடம்பில் இருந்த அழுக்கில் ஆற்று மீனெல்லாம் செத்து மிதக்கிறது. இந்த இடத்தில் பேரன் கட்டாயம் சிரிப்பான்.

அப்புறம் இனெஸ் என்ற பெண்ணைக் கேட்கப் போகிறான், கூடவே அவன் சேவலும் நாயும். வாசலில் மாப்பிள்ளைகள் கூட்டம். சேவல் ஒரு கூவு கூவுகிறது, ஒரு வீடு இடிந்து விழுகிறது. நாய் ஒரு தடவை குரைக்கிறது, விழுந்த வீடு பழையபடி எழுந்து நிற்கிறது. பெண் கிடைக்காமல் போகுமா? கல்யாணம் முடிந்து, கடலில் முங்கப் போனவனைப் பெரிய மீன் ஒன்று விழுங்கிவிடுகிறது. எலும்புகளை எல்லாம் பொறுக்கி எடுத்துவந்து இனெஸ் துணியால் மூட, சேவலும் நாயும் தங்கள் வித்தையைக் காட்ட, தூங்கி எழுந்தவன் மாதிரி அவன் எழுந்து உட்காருகிறான்.

பேரன் இன்னொன்று கேட்டால் பனாய் தீவின் 'ஹினிலாவோத்' காவியத்துக்குப் போங்கள். அதில் சரக்னாயன் என்பவனை எவ்வளவு அடித்தாலும் சாக மாட்டான், ஏனென்றால் அவன் உயிர் ஒரு காட்டுப்பன்றிக்குள் இருக்கிறது. ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்த மந்திரவாதியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். 1950களில் லண்டா ஹொகானோ என்ற மானுடவியலாளர் மலைக்குள் போய், பாடியவர் முன்னால் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்து அதைப் பதிவு செய்தார். ஏறக்குறைய 30 மணி நேரம் ஓடியது. அவர் போகாமல் இருந்திருந்தால் நமக்கு ஒரு வரிகூடத் தெரிந்திருக்காது.

கேள்வி: மூங்கிலிலிருந்து முதல் மனிதர்கள் வந்தார்கள் என்ற புராணம் எந்த அளவுக்குப் பழையது?

1582இல் மிகேல் தே லோஆர்கா என்ற ஸ்பானியர் பனாய் தீவில் கேட்டு எழுதிவைத்திருக்கிறார், அதற்கு எவ்வளவோ முன்னால் இருந்து சொல்லப்பட்டிருக்கும். கப்தான் என்ற தெய்வம் ஒரு நாணல் நட, அதன் இரண்டு கணுக்களிலிருந்து ஆணும் பெண்ணும் வந்தார்கள், சிகாலாக், சிகாபாய். அவன் கல்யாணம் செய்துகொள்வோமா என்று கேட்கிறான். ஒரே நாணலில் பிறந்தோமே, கூடாது என்கிறாள் அவள். சரி, மற்றவர்களைக் கேட்போம் என்று கடலில் சூரை மீனைக் கேட்கிறார்கள், வானத்தில் புறாவைக் கேட்கிறார்கள், கடைசியாக நிலநடுக்கத்தைப் போய்க் கேட்கிறார்கள். உலகம் நிறைய வேண்டும், பண்ணிக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். இப்போது பரவலாகத் தெரிந்த மலாகாஸ், மகந்தா கதையில், அதாவது பலசாலியும் அழகியும், பறவை மூங்கிலைக் கொத்திப் பிளக்கும். இரண்டில் எனக்குப் பழையதுதான் பிடிக்கும். காலடியில் பூமி அடிக்கடி அதிரும் தீவுகளில் வாழ்பவர்களுக்குத்தான் நிலநடுக்கத்தைக் குடும்பப் பெரியவராக நினைத்து யோசனை கேட்கத் தோன்றும்.

கேள்வி: கலந்தியாவ் என்ற ராஜா 1433இல் எழுதிய சட்டப் புத்தகம் பற்றி நீங்கள் ஏன் சொல்லவில்லை?

அது பொய் என்பதால். ஹோசே மார்கோ என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய போலி ஆவணம் அது. பள்ளிக்கூடப் புத்தகங்களில் வந்தது, நிறையப் பேர் நம்பினார்கள். வில்லியம் ஹென்றி ஸ்காட் என்ற ஆய்வாளர் 1968இல் தன் முனைவர் பட்ட ஆய்வில், இதற்கு முந்தைய எந்த ஆதாரமும் இல்லை என்று வரிவரியாகக் காட்டினார். 2004இல் அந்நாட்டு வரலாற்று நிறுவனமும் போலி என்று அறிவித்தது. தங்களுக்கு ஒரு பழம்பெருமை வேண்டும் என்று ஏங்கிய மக்களின் ஏக்கத்தை ஏமாற்றிய காரியம் இது, எனக்கு அதில் கோபம் உண்டு. ஏனென்றால் உண்மையான லகுனாச் செப்பேடு ஆற்று மணலுக்குள் அப்போதும் கிடந்துகொண்டுதான் இருந்தது.

கேள்வி: அந்தப் பழைய எழுத்து இன்று யாருக்காவது தெரியுமா? ஒரு கவிதையாவது மாதிரிக்குச் சொல்லுங்கள்.

2010இல் வந்த பெசோ நோட்டுகளில் 'பிலிபினோ' என்று பாய்பாயினில் அச்சடித்திருக்கிறார்கள். இளைஞர்கள் பச்சை குத்திக்கொள்கிறார்கள். அதைத் தேசிய எழுத்தாக்க வேண்டும் என்ற மசோதாவுக்கு 2018இல் நாடாளுமன்றக் குழு ஒன்று ஒப்புதல் கொடுத்தது, தகலோகர்களின் எழுத்தை எங்கள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்று மற்ற மொழிக்காரர்கள் கேட்டார்கள், அது நியாயமான கேள்விதான்.

கவிதைக்கு வருகிறேன். 'தனாகா' என்பது தகலோகில் நாலே அடி, அடிக்கு ஏழு அசை. 1754இல் அச்சான தகலோக் அகராதி ஒன்றில் சொற்களுக்கு உதாரணமாக இவற்றைச் சேர்த்துவைத்தார்கள், அதனால் தப்பியது. ஒன்று:

கதிதிபாய் கா துலோஸ்
சகாலிங் தத்நாங் ஆகோஸ்
அகோய் முமுந்திங் லூமோத்
ச இயோய் புபுலூபோத்

உறுதியாக நில், கழியே, வெள்ளம் வந்தாலும் வரும். சின்னப் பாசி நான், உன்னைச் சுற்றிக்கொள்வேன். பாசி பேசுகிறது, ஆற்றில் ஊன்றிய கழியைப் பார்த்து. குறுந்தொகைக்குள் நுழைந்து உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

யாருக்குத் தெரியும் என்று கேட்டீர்களே, முதலில் சொன்ன போஸ்ட்மா வாழ்ந்த மிண்டோரோவுக்கு வாருங்கள். ஹனுனோ மங்யான் மக்கள் பாய்பாயினுக்கு உறவான தங்கள் எழுத்தை விடவே இல்லை. அங்கே அதைக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை. வாலிப வயது வந்ததும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள், காதலிக்குப் பாட்டு எழுத வேண்டும் என்பதற்காக. அந்தப் பாட்டுக்கு 'அம்பாஹான்' என்று பெயர், அதிலும் அடிக்கு ஏழு அசை, அடிதோறும் கடைசியில் ஒலி ஒத்துவரும். மூங்கிலைக் கையில் பிடித்து, கத்தி முனையைத் தன் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளி, கீழிருந்து மேலே எழுதிக்கொண்டு போவார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வைத்துக்கொள்ளும் மூங்கில் குழாயிலும் பாட்டைக் கீறி வைத்திருப்பார்கள், வெற்றிலை போட உட்காரும்போதெல்லாம் எடுத்துப் படிக்கலாம்.